என் தேனீக்கள் குடித்த தண்ணீர்

தி. நகரில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவளுக்குப் பொறுமை அதிகம் இருக்கும் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். எனக்குப் பொறுமை கிடையாது, கண் உண்டு. புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தால், அவர் வாயைத் திறப்பதற்குள் அதற்கான ரவிக்கைத் துணி எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வெங்காயக் கலர் என்ற ஒரே பெயருக்குள் எத்தனை வெங்காயம் இருக்கிறது என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணை நம்பித்தான் தேனீ வளர்க்கவும் இறங்கினேன்.

வீடு மயிலாப்பூரில், மாட வீதிச் சந்தடி கேட்டும் கேட்காமலும் இருக்கும் ஒரு சந்தில். சந்தில் எல்லோரும் இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். நாங்களும் பக்கத்து வீட்டுப் பாட்டு டீச்சரும் மட்டும் பாக்கி. அவருக்கு இடிக்க மனம் வரவில்லை, எனக்கு வந்த பில்டர் எவனையும் பிடிக்கவில்லை. அதனால் எங்களுக்கு இன்னும் கொல்லைப்புறம் என்று ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஒரு தென்னை, ஒரு முருங்கை, தரையில் பூசணியும் வெள்ளரியும். பூசணி மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும், ஆனால் ஒரு பிஞ்சு நிற்காது. பூச்சிகள் வராததால் தினமும் விடிந்ததும் நானே ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தேய்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவேன். ஒருநாள் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. கடையில் கூட்டம் வந்தால் எல்லாத் துணியையும் நானேவா வெட்டுகிறேன்? ஆள் போடுகிறேன் அல்லவா? இங்கேயும் ஆள் போட்டுவிடலாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

என் கணவர் எதையும் வேண்டாம் என்றுதான் தொடங்குவார். அதற்குப் பிறகு என்னோடு வந்துவிடுவார்.

"கடிச்சுதுன்னா என்ன செய்வே?" என்றார்.

"தேனீ கடிக்காது. கொட்டும்."

"அப்ப சரி, ரொம்ப வசதியாப் போச்சு" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

கொட்டிவாக்கத்தில் மொட்டை மாடியில் தேனீ வளர்க்கும் ஓர் இளம்பெண் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள். நான் எடுக்கவில்லை. ஒரு பெட்டி, அதற்குள் மரச் சட்டங்கள், சட்டங்களில் தேனடை, அடையில் ஒரு ராணி. கொஞ்சம் புகை காட்டித் திறக்க வேண்டும், பதறாமல் மூட வேண்டும். இதில் எழுதிக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நடுவில் கடையிலிருந்து போன் வந்தது, வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தேன். அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் ஓய்ந்ததும் பெட்டி வந்து சேர்ந்தது. கொட்டிவாக்கத்துப் பெண்ணே காரில் கொண்டுவந்து, தென்னைக்கும் மதில் சுவருக்கும் நடுவில் நான்கு கால் ஸ்டாண்டில் வைத்துவிட்டுப் போனார். எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் எண்ணெய் விட்ட தண்ணீர்க் கிண்ணம். முதல் தடவை நானாகத் திறந்தபோது முகவலையைச் சரியாகக் கட்டாததால் கன்னத்தில் ஒன்று வாங்கிக்கொண்டேன். மறுநாள் கடையில் துணி எடுத்துப்போடும் பெண், "இன்னாக்கா, கன்னம் இப்டி உப்பிக்கினு கீது? சார் அட்சிட்டாரா?" என்றாள். என் கணவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, தன்னால் ஒரு ஈயின் அளவுக்குக்கூட முடியாது என்று அவளுக்குப் பதில் சொன்னார். இரண்டாவது தடவை முகவலையை ஒழுங்காகக் கட்டினேன். மூன்றாவது தடவை பதறாமல் சட்டத்தைத் தூக்கினேன். கூட்டத்துக்கு நடுவில் ராணியை நானாகவே கண்டுபிடித்தேன். மற்றவற்றைவிட நீளமாக, கறுத்து, யாரையும் கண்டுகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தது. அன்று கடைக்குப் போகும் வழியெல்லாம் மெட்ரோ தோண்டிய பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு ஆட்டோ குலுங்கியபோதும் எனக்குக் கோபமே வரவில்லை.

காலையில் காபி டம்ளரோடு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வாசல் பலகையில் வந்து இறங்கும் ஈக்களின் பின்னங்கால்களில் மகரந்தம் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டியிருக்கும். அதன் கலரை வைத்தே எங்கே போய்விட்டு வருகிறது என்று சொல்லப் பழகிவிட்டேன். வெளிறிய சந்தனக் கலர் என்றால் தென்னை. அடர்ந்த மாம்பழ மஞ்சள் என்றால் நம் வீட்டுப் பூசணி. ஒருநாள் அரக்கில் கொஞ்சம் காவி கலந்தமாதிரி ஒரு கலர் வந்தது. அது எந்தப் பூ என்று பிடிபடாமல் கடையில் அன்று முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

ஐம்பதைத் தாண்டிய பிறகு ஒன்றின் மேல் இப்படி ஆசை விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடையில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அதனால் ஆச்சரியப்படவும் அங்கே எதுவும் இல்லாமல் போய்விட்டது. இந்தப் பெட்டி தினமும் எதையாவது புதிதாகக் காட்டியது. பூசணியும் பிஞ்சு பிடித்துவிட்டது, ஆனால் அப்போது நான் பூசணியை மறந்தே போயிருந்தேன்.

புரட்டாசி பிறந்ததும் ஒரு மாலை, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டீச்சர் கூப்பிட்டார்.

பாட்டு டீச்சர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தனியாக இருக்கிறார். மதிலைப் பார்த்த கீழ் அறையில் சாயங்காலம் வகுப்பு. அந்த வருமானத்தில்தான் வீடு நடக்கிறது என்பது சந்தில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு விஷயம் சொல்லணும். தப்பா எடுத்துக்கப்படாது."

"சொல்லுங்க டீச்சர்."

"உங்காத்துத் தேனீ எல்லாம் எங்காத்து ஜன்னலுக்குக் கீழே வந்து மொய்ச்சுண்டிருக்கு. நேத்திக்கு ஒரு கொழந்தை வெறுங்காலோட மிதிச்சுடுத்து. பாதம் வீங்கிப் போச்சு. இனிமே அனுப்ப மாட்டேன்னுட்டா அவ அம்மா. அதைக் கேட்டு இன்னும் ரெண்டு பேர் நின்னுட்டா."

நான் சொல்ல வாயெடுத்ததை அவர் கையால் தடுத்தார்.

"உங்களைக் குத்தம் சொல்லலை. விஜயதசமி வரது. புதுசா சேர்றவா அன்னிக்குத்தான் வருவா. வந்து நிக்கறபோது இதைப் பார்த்தா யார் கொழந்தையை விட்டுட்டுப் போவா? நின்னவாளுக்குப் பதிலா புதுசா வந்தாத்தான் எனக்கு இந்த வருஷம் ஓடும்."

எனக்குச் சங்கடமாகிவிட்டது. சங்கடமானால் நான் வாக்குக் கொடுத்துவிடுவேன், அது என் பிறவிக் குணம். "டீச்சர், விஜயதசமிக்குள்ள நான் சரி பண்ணிடுறேன். அன்னைக்கு உங்க கிளாஸுக்குள்ள ஒரு ஈ வந்தாலும் பெட்டியத் திருப்பி அனுப்பிடுறேன். இது என் பொறுப்பு" என்றேன்.

வீட்டுக்குள் வந்து சொன்னபோது என் கணவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "வாக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி அதுங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

மறுநாள் காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். வகுப்பறையின் ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் குழாய், ஜன்னலுக்குக் கீழே சுவரில் நீட்டிக்கொண்டிருந்தது. சொட்டுத் தண்ணீர் சிமெண்டில் விழும் சத்தம் பிள்ளைகள் போடும் தாளத்தைக் குழப்புகிறது என்று டீச்சர் அந்த இடத்தில் ஒரு பழைய தென்னை நார்க் கால்மிதியைப் போட்டிருந்தார். மாதக்கணக்கில் நனைந்து நனைந்து அது பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று கிடந்தது. அதன் மேல் என் ஈக்கள் வரிசையாகத் தலையைக் கவிழ்த்துத் தண்ணீர் உறிஞ்சிக்கொண்டிருந்தன. வெயிலில் கூட்டைக் குளிர வைக்க அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும். நான் வைக்கவில்லை. அவை தாமாகத் தேடிக்கொண்டன.

இவ்வளவுதானா என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. தண்ணீர்தானே வேண்டும், ராஜ உபசாரமே செய்கிறேன் என்று, புதுப் பீங்கான் தட்டு வாங்கி, ஈக்கள் கால் வைத்து நிற்கக் கூழாங்கற்களைப் பரப்பி, நாங்கள் குடிக்கும் கேன் தண்ணீரையே ஊற்றிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். குழாயில் வரும் மெட்ரோ வாட்டரைக்கூட ஊற்றவில்லை. ஒரு ஈ அந்தத் தட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டுக்கு மேலேயே பறந்து, மதிலைத் தாண்டி, அந்த அழுக்குக் கால்மிதிக்குப் போயின. தண்ணீரை மாற்றினேன், தட்டை மாற்றினேன், நிழலில் வைத்தேன், வெயிலில் வைத்தேன். காசு கொடுத்து வாங்கும் தண்ணீரை இப்படி அவமதிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகவே மனது புண்பட்டது.

கொட்டிவாக்கத்துப் பெண்ணுக்குப் போன் செய்தேன். "கேன் தண்ணியா ஆன்ட்டி?" என்று கேட்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அதுல எந்த வாசனையும் இருக்காதே. தேனீக்குத் தண்ணியோட வாசனை தெரியணும். ஒரு இடத்துல பழகிட்டா மாத்தறது ரொம்பக் கஷ்டம். அதனாலதான் பெட்டி வைக்கிற அன்னைக்கே தண்ணியும் வைக்கணும்னு கிளாஸ்ல சொன்னேன்." பிறகு தயங்கித் தயங்கி, முடியாவிட்டால் பெட்டியைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் வைத்துவிடுவதாகச் சொன்னார்.

"அதெல்லாம் தேவைப்படாது" என்று வைத்துவிட்டேன். வைத்ததும் கொல்லைப்புறம் போய் முக்காலியைப் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நவராத்திரி தொடங்கிவிட்டது. கடையில் தீபாவளிக் கூட்டமும் சேர்ந்துகொண்டது. முதல் நாள் பகலிலேயே ஓர் அம்மாளுக்கும் எங்கள் கடைப் பெண்ணுக்கும் வாக்குவாதம். "அதவிட சூப்பர் துணி காட்டிக்கினே கீறேன்க்கா, வேணாம் வேணாம்னுது" என்று என்னிடம் முறையிட்டாள். நான் எல்லோருக்கும் சொல்லும் பாடத்தையே அவளுக்கும் சொன்னேன். "அவங்க ஒசத்தித் துணி கேக்கல. கையில கொண்டாந்த கலரைக் கேக்கறாங்க. சாம்பிளை வாங்கிட்டுப் போய் அதை வச்சுத் தேடு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் சொல்வதை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தெரியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது. என் ஈக்கள் நல்ல தண்ணீர் கேட்கவில்லை. அந்தத் தண்ணீரைக் கேட்கின்றன. சாம்பிள் மதிலுக்கு அந்தப் பக்கம் கிடக்கிறது. கல்லாவைக் கணவரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

"டீச்சர், அந்தக் கால்மிதி எனக்கு வேணும்."

"அந்த அழுக்குப் பிடிச்சதா? எடுத்துண்டு போங்கோ. நான் தூக்கிப் போடணும்னே இருந்தேன்."

எடுத்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு நனைத்துவைத்தேன். வேலை முடிந்தது என்று கையைக் கழுவினேன். அதுதான் என் அவசர புத்தி. மறுநாள் ஈக்கள் பழைய இடத்துக்கே போய், கால்மிதியைக் காணாமல் ஜன்னலையும் கதவையும் சுற்றிச் சுற்றித் தேடின. அன்று சாயங்காலம் வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். வகுப்பு நடக்கவில்லை. டீச்சர் என்னைக் கூப்பிடக்கூட இல்லை, மதிலோரம் வந்து சும்மா நின்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கால்மிதியைப் பழைய இடத்திலேயே போட்டேன். ஈக்களுக்குத் தண்ணீரின் வாசனையும் தெரியும், இடமும் தெரியும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எப்படி? இடத்தை மட்டும் அவை உணராதபடி கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். தினமும் பொழுது சாய்ந்து ஈக்கள் கூட்டுக்குள் போனதும், கால்மிதியை மதிலை நோக்கி ஒரு முழம் நகர்த்துவது என்று முடிவு செய்தேன். ஏசித் தண்ணீர் பழைய இடத்தில் சொட்டாமல் இருக்கக் குழாயில் ஒரு டியூபைச் செருகி பக்கெட்டில் விட்டு, அந்தத் தண்ணீரையே எடுத்துக் கால்மிதியை நனைத்தேன்.

முதல் நாள் நகர்த்தினேன். ஈக்கள் பழைய இடத்தில் இறங்கப் பார்த்து, சற்றுத் தடுமாறி, கால்மிதியைக் கண்டுபிடித்துக்கொண்டன. அடுத்த நாள் தடுமாற்றம் குறைந்தது. முதலில் தள்ளி நின்று பார்த்த டீச்சர், பிறகு பக்கெட்டைத் தூக்கிவரத் தொடங்கினார். எனக்குக் கடையிலிருந்து கிளம்பத் தாமதமான ஒரு நாள், அவரே கால்மிதியை நகர்த்தி நனைத்தும் வைத்திருந்தார்.

"இன்னிக்கு மதில் வரைக்கும் வந்துடுத்து" என்றார். ஏதோ தன் மாணவி வர்ணம் பாடத் தொடங்கிவிட்டதைச் சொல்வதுபோல இருந்தது குரல். வருஷக்கணக்காகப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டதில்லை. எனக்கு அவர் கொலுவில் வைத்த சுண்டல் வந்தது. அவர் கொலுவுக்கு என் கடைத் துணியில் படி விரிப்பு போயிற்று.

மதில் மேல் ஒரு நாள் கால்மிதியைத் தொங்கவிட்டோம். பிறகு என் பக்கம் இறக்கினோம். கூட்டத்தில் பெரும்பகுதி கூடவே வந்துவிட்டது. நான் மதிலில் சாய்ந்துகொண்டு, பெட்டிக்கடைக்காரன் பெரிய கடை திறந்ததுபோல ஒரு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒரு சின்னக் கூட்டம் வரவே இல்லை. டியூப் செருகிய இணைப்பில் கசிந்து சுவரில் வழியும் ஈரத்தை அவை பிடித்துக்கொண்டு, ஜன்னலை ஒட்டியே இருந்தன. ஏசி மெக்கானிக்கைக் கூப்பிட்டால், "தீபாவளி முடிஞ்சு வரேன் மேடம்" என்றான். துணியைச் சுற்றினேன். துணியும் நனைந்து அவற்றுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

ஏன் இந்தக் குழாய் இப்படி ஓயாமல் வடிகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். "டீச்சர், முன்னெல்லாம் ஜன்னலைத் திறந்து வச்சுத்தானே பாட்டுச் சொல்லிக் கொடுப்பீங்க? எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குமே."

"ஆமாம். முன்னே புழுக்கம் தாங்காத நாள்ல மட்டுந்தான் ஏசி. இப்போ ஈ வரதேன்னு மூடி வெச்சிருக்கேன். மூடினா புழுங்கறது. அதனால ஏசி நாள் பூராவும் ஓடிண்டிருக்கு."

"ஏசி ஓடுறதாலதான் தண்ணி வடியுது. தண்ணி வடியுறதாலதான் ஈ வருது. ஏசிய நிறுத்திட்டு ஜன்னலைத் திறங்க. போயிடும்."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஈ வரதுன்னு சொல்றேன், ஜன்னலைத் திறங்கோன்னு சொல்றேள்."

நானும் விளக்கிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. அவர் நிலையில் நான் இருந்தாலும் அசைந்திருக்க மாட்டேன். தப்பாகப் போனால் எனக்கு ஒரு பெட்டி போகும், அவருக்கு வகுப்பு போகும். என் கையில் வேறு வழியும் இல்லை. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் எதுவும் கேட்காமல் கொல்லைப்புறம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, "அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம்" என்றார். வேண்டாம் என்று தொடங்கியவர் இப்போது பெட்டிக்காகப் பரிந்து பேசுகிறார்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. கடையில் கத்தரிக்கோலையும் மீட்டர் கட்டையையும் பூஜையில் வைத்துவிட்டால் எங்களால் ஒரு துணி வெட்ட முடியாது. அதனால் பொரி, சுண்டல் கொடுத்து எல்லோரையும் அனுப்பிவிட்டுச் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொல்லைப்புறம் போனேன். பக்கத்து வீடு நிசப்தமாக இருந்தது. ஏசியின் இரைச்சலும் இல்லை. எட்டிப் பார்த்தேன். சுவர் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. ஒரு ஈ இல்லை. என் பக்கத்துக் கால்மிதியில் இடம் கொள்ளாமல் இருந்தன.

வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பொறுமை இல்லாமல் மதிலிலிருந்தே கூப்பிட்டேன். டீச்சர் நெற்றியில் குங்குமத்தோடு வந்தார். தம்புராவையும் பாட்டுப் புத்தகங்களையும் பூஜையில் வைத்துவிட்டதால் அன்று வகுப்பு கிடையாது, ஏசி போடவே இல்லை என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார். கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு மதிலருகே வந்து என் பக்கத்துக் கால்மிதியை வெகுநேரம் பார்த்தார்.

"நாளைக்கு ஜன்னலைத் திறக்கறேன்" என்றார். "ஆனா நீங்களும் வந்து உட்காரணும். ஒரு ஈ வந்தாலும் ரெண்டு பேரும் பார்க்கணும். நீங்க சொன்ன வாக்கு அப்படியே இருக்கு."

"இருக்கு டீச்சர்."

விஜயதசமி காலை பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய் அறையின் மூலையில் உட்கார்ந்தேன். ஜன்னல் இரண்டு கதவும் விரியத் திறந்திருந்தது. மேலே மின்விசிறி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாவாடையும் வேட்டியுமாக வந்தார்கள், பின்னால் தாய் தகப்பன். ஒவ்வொரு தட்டிலும் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், கற்கண்டு, கதம்பம். தேனீயைக் கூப்பிடுவதற்கென்றே அடுக்கினதுபோல இருந்தது எனக்கு. இதை நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் பாட்டு ஒன்றும் காதில் ஏறவில்லை. ஜன்னலையும் கற்கண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் சேர்ந்த பிள்ளைகள் பாடி முடித்தார்கள். ஒன்றும் வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். மிகச் சின்னதாக ஒரு பெண், கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு, டீச்சர் ஸரிகம என்று சொல்லிக்கொடுக்க முனகலாகத் திருப்பிச் சொல்லத் தொடங்கினாள். அப்போது வந்தது.

ஒன்றே ஒன்று. ஜன்னல் கம்பிக்கு நடுவில் நுழைந்து, தட்டுகளுக்கு மேல் சுற்றி, கதம்பத்தில் இறங்கி, அங்கிருந்து எழும்பி டீச்சரின் மடியில் புடவைக் கொசுவத்தில் உட்கார்ந்தது. பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளையும் போன் கேமராவையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். டீச்சரும் குனிந்து பார்த்தார். அவர் வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. ஈ நகர்ந்து நகர்ந்து அந்தக் கை விழும் இடத்துக்கே வந்தது. கையை நிறுத்தினால் அந்தச் சின்னப் பெண்ணுக்கு எல்லாம் நின்றுவிடும். கை விழுந்தது. டீச்சரின் கண் ஒரு கணம் மூடித் திறந்தது. குரல் விலகவில்லை. விரல்களை எண்ணி, கையைத் திருப்பி, மறுபடியும் அதே இடத்தில் தட்டினார். பெண் தலையை நிமிர்த்தி முதல் வரிசையை முழுசாகச் சொல்லி முடித்தாள். அவள் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் வணங்கிவிட்டுப் போகும்வரை நான் மூலையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை. கடைசிச் செருப்புச் சத்தம் தெருவில் ஓய்ந்ததும் எழுந்தேன்.

"டீச்சர், சொன்னது சொன்னதுதான். கொட்டிவாக்கத்துப் பொண்ணுக்கு இப்பவே போன் பண்ணிடுறேன். சாயங்காலம் வந்து பெட்டியை எடுத்துக்கட்டும்."

"எதுக்கு?"

"உள்ள வந்துச்சே டீச்சர்."

டீச்சர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்கு செய்தார். கதம்பத்தை ஸ்வாமி படத்துக்குப் போட்டார். திரும்பி என் முன்னால் வந்து நின்றார்.

"என் கண்ணுல ஒண்ணும் படலையே. ஜன்னலைப் பார்த்துண்டேதானே உட்கார்ந்திருந்தேன்" என்றார். "இந்தாங்கோ, வெத்தலை பாக்கு எடுத்துக்கோங்கோ."

தட்டைப் பிடித்திருந்த வலது கையில் மோதிர விரல் சிவந்து, மோதிரம் அழுந்தும் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் விரலைப் பார்க்காமல் வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டேன்.